27ஆம் இலக்கத்துக்கு எதிரில் நிற்கும் பஸ்

இந்த நாட்டில மனுசனாப் பிறந்தா மூக்கு இல்லாட்டிலும் பரவாயில்ல, விலாசம் ஒண்டு இருக்க வேணும். மூக்கு இருக்கா எண்டு எந்தப் படிவத்திலயும் கேக்கிறதில்ல. விலாசத்த ஒரே படிவத்தில மூண்டு இடத்தில கேப்பாங்க.

கொட்டாஞ்சேனை அழகருக்கு இந்த ஞானம் அம்பது வயசுக்குக் கிட்டத்தான் வந்திச்சு. அதுக்கு முதல் அவர் இருபத்திரெண்டு வருஷம் பஸ் கண்டக்டர். கொட்டாஞ்சேனையில ஏறி வெள்ளவத்தையில இறங்குற சனத்துக்கு அவர்ட முகத்த விடக் குரல்தான் பழக்கம். பின்கதவு ஃபுட்போர்டில ஒத்தக் காலில நிண்டுகொண்டு, "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னால போங்க, உள்ள இடம் இருக்கு" எண்டு கத்துவார். உள்ள ஒருத்தர் தன்ர மூக்கச் சொறிய நினைச்சு பக்கத்தில நிக்கிறவர்ட மூக்கச் சொறிஞ்சுகொண்டிருப்பார். அழகருக்கு எப்பவும் உள்ள இடம் இருக்கும். அதப் பொய் எண்டு சொல்லப்படாது. தொழில்.

பஸ் முதலாளி தொழில விட்டிட்டு மகனிட்ட அவுஸ்திரேலியாவுக்குப் போகேக்க, இத்தன வருஷம் உழைச்ச மனுசன் எண்டு அந்தப் பழைய பஸ்ஸையே அழகர்ட பேருக்கு மாத்திக் குடுத்திட்டுப் போனார். இரும்புக் கடைக்காரங்க மூண்டு பேர் வேண்டாம் எண்டு சொன்ன பஸ் எண்டது பிறகுதான் தெரிஞ்சிச்சு. அதே மாசம் அழகர் குடியிருந்த வீட்டையும் வீட்டுக்காரர் வித்துப்போட்டார். இடிச்சுப்போட்டு மாடி கட்டப் போறாங்களாம்.

அழகருக்குப் பொஞ்சாதி சீனியம்மா, கலியாணமாகி பதினாலாவது வருஷம் பிறந்த மகள் ரக்ஷிதா. பிள்ளைக்கு வாற வருஷம் பள்ளிக்கூடம் சேர்க்க வேணும். அழகர் தலையில கை வச்சுக்கொண்டு இருந்தார். சீனியம்மா றோட்டில நிண்ட பஸ்ஸப் பாத்தா.

"வீடு இல்ல, பஸ் இருக்கு. இதுல என்னாத்துக்கு யோசிக்கிறீங்க?" எண்டா.

சீட்டெல்லாம் கழட்டினாங்க. பின்னால இருந்த நீள சீட் கட்டிலாச்சு. ட்ரைவருக்குப் பின்னால குக்கர் வந்திச்சு. முன்சீட் ஒண்ட மட்டும் சீனியம்மா கழட்ட விடேல்ல. அதுக்கு மேல 'மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது' எண்டு எழுதியிருக்கு. அதில முருகன் படத்த வச்சா. மணிக்கயிறும் அப்பிடியே இருந்திச்சு. ஒரு மணி அடிச்சா சோறு ரெடி, ரெண்டு மணி அடிச்சா வெளிக்கிட்டுப் போய் வேலையப் பாரு.

வீடு கட்டுறது லேசு. நிப்பாட்டுறதுதான் கஷ்டம். முதல்ல ஹெந்தளையில கடக்கரைப் பக்கம் விட்டாங்க. ரெண்டாம் நாள் காலையில எழும்பிப் பாத்தா பஸ் கூரை முழுக்கக் கருவாடு காயுது. சண்டைக்குப் போன அழகரிட்ட, பஸ்ஸக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பி விட ஏலுமா எண்டு மரியாதையாக் கேட்டாங்க. பிறகு இரத்மலானையில ஒரு கராஜுக்குப் பக்கத்தில. சீனியம்மா பருப்பு தாளிச்சுக்கொண்டிருக்கேக்க வீடு முன்பக்கமாச் சரிஞ்சிச்சு. எட்டிப் பாத்தா மெக்கானிக் ஒருத்தர் முன் டயர் ரெண்டையும் கழட்டி வச்சிட்டு, கியர்பொக்ஸ எப்ப இறக்குறது எண்டு கேக்கிறார். நுகேகொடைச் சந்தைப் பக்கம் விட்டது அதவிட மோசம். அஞ்சு நிமிஷத்தில பதினாலு பேர் ஏறிட்டாங்க. ஒரு அம்மா மரக்கறிப் பையோட கட்டில்ல உக்காந்திட்டா. ஒரு பெரியவர் முருகனுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு பேப்பர் வாசிச்சார். பத்து நிமிஷம் கழிச்சு ஏன் பஸ் எடுக்கேல்ல எண்டு எல்லாருமாச் சேந்து ஏசத் தொடங்கினாங்க. இது வீடு எண்டு அழகர் கெஞ்சினார். வீடெண்டா போர்ட் போட்டிருக்க வேணாமா எண்டு மரக்கறி அம்மா சிங்களத்தில கேட்டா. நியாயமான கேள்வி.

கடைசியா வெள்ளவத்தையில, கடல் பக்கம் போற ஒரு ஒழுங்கையில இடம் அம்பிட்டுது. ஒரு பக்கம் நீள மதில். மற்றப் பக்கம் 27ஆம் இலக்கம்: 'ரோயல் நெப்டியூன் பலஸ்' எண்ட பத்து மாடிக் கட்டிடம். அங்க நாலாம் மாடியில ஒரு வீட்டில சீனியம்மாவுக்குச் சமையல் வேலை. எல்லாத்துக்கும் மேல, நல்ல பள்ளிக்கூடம் ஒண்டு ரெண்டு ஒழுங்கை தள்ளி. வீடு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மார்க். பிள்ளைக்கு எழுதத் தெரியுமா, எண்ணத் தெரியுமா எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்ல. வாசல்ல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வான்வழித் தூரத்த அளப்பாங்க. பிள்ளை பறந்து வரும் எண்டு கல்விப் பகுதிக்கு ஒரு நம்பிக்கை.

படிவத்தோட வதிவிட அத்தாட்சி வைக்க வேணும். அதக் குடுக்கிறவ கிராம உத்தியோகத்தர் நிலூஷா மிஸ். வெள்ளவத்தையில கிராமம் எங்க இருக்கு எண்டு கேக்கப்படாது. நிலூஷா மிஸ் அரசாங்க வகுப்பில தமிழ் படிச்சு பாஸ் பண்ணினவ. அதால தமிழ்ச் சனத்துக்கே விளங்காத நல்ல தமிழ் கதைப்பா.

"உங்களது வதிவிடம் யாது?"

"பஸ்ஸுங்க மிஸ்."

"பஸ் என்பது வாகனம். வாகனம் செல்லும். வதிவிடம் செல்லாது."

"இதுவும் போகாதுங்க மிஸ். நிக்கிது."

நிலூஷா மிஸ் பேனையால நெத்தியத் தட்டினா. நல்ல மனுசி. ஒருத்தரையும் சும்மா திருப்பி அனுப்ப மாட்டா, ஒரு கடதாசி கேட்டுத்தான் அனுப்புவா.

"அவ்வாறாயின் அது நிற்பதற்கு அத்தாட்சி வேண்டும். அரசாங்கக் கடிதம். பெயர், இடம், திகதி ஆகிய மூன்றும் இருத்தல் அவசியம்."

தான் ஒரு இடத்தில நிக்கிறன் எண்டு அரசாங்கம் தனக்கு ஏன் கடிதம் எழுதப் போகுது எண்டு யோசிச்சுக்கொண்டே அழகர் பஸ்ஸுக்கு வந்தார். பஸ்ஸுக்கு முன்னால ட்ராஃபிக் பொலிஸ் சார்ஜன் இப்றாஹிம் நிண்டார்.

ரோயல் நெப்டியூன் பலஸின்ர குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் சாத்தப்பன் முதலாளி ஏற்கெனவே பதினொரு பெட்டிசம் போட்டிருந்தார். புறக்கோட்டையில மொத்த வியாபாரம். ஒம்பதாம் மாடியில கடலப் பாத்த வீடு. மேல இருந்து பாக்கேக்க கடலுக்கு முன்னால ஒரு துருப்பிடிச்ச பஸ் தெரியுது எண்டதுதான் அவர்ட மனக்குறை. நாங்க டீசன்டா இருக்குற இடம்ப்பா எண்டு அழகருக்கு நேரயும் சொல்லிப் பாத்திட்டார்.

இப்றாஹிம் தண்டச் சீட்டெழுதிக் குடுத்தார். அழகர் தொங்கின முகத்தோட வாங்கினார். வாசிச்சார். பேர்: அழகர். இடம்: 27ஆம் இலக்கத்துக்கு எதிரில். திகதி, நேரம், எல்லாம் இருக்கு. கீழ அரசாங்க முத்திரை. அழகர் சார்ஜனக் கட்டிப்பிடிச்சார்.

நிலூஷா மிஸ் சீட்ட வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தா. நிக்கிறார் எண்டு அரசாங்கமே எழுத்தில ஏத்துக்கொண்டிருக்கு, அத மறுக்க ஒரு கிராம உத்தியோகத்தருக்கு அதிகாரம் இல்ல எண்டு சொன்னா. ஆனா ஒரு சீட்டு எண்டா ஆள் விருந்துக்கு வந்ததாவும் இருக்கலாம். வசிக்கிறார் எண்டு காட்ட ஆறு சீட்டாவது வேணும். விண்ணப்பம் குடுக்கக் கடைசித் திகதிக்கு இன்னும் ஒம்பது நாள்.

அடுத்த நாள் காலையில இப்றாஹிம் டீ குடிச்சுக்கொண்டிருந்த கடைக்கே அழகர் போனார்.

"சார், இன்னொண்ணு எழுதுங்க."

"என்னத்த?"

"ஃபைன் சார். பஸ்ஸு இன்னும் நிக்கிது."

இப்றாஹிம் கோப்பைய வச்சார். "இஞ்ச பாருங்க, முப்பது வருஷமா பொலிஸ்ல ஈக்கிறன். எழுத வாணாம் எண்டு அழுதவங்கள் ஆயிரம் பேரக் கண்டீக்கிறன். எழுதச் செல்லி அழுற மொத ஆள் நீங்கதான்."

அவருக்கு வேறயும் ஒரு சட்டச் சிக்கல் இருந்திச்சு. அதே இடத்தில அப்பிடியே நிண்டா அது பழைய குத்தம். ஒரே குத்தத்துக்கு ரெண்டாந்தரம் தண்டம் எழுதுறது பாவம். வண்டி நகர்ந்து திரும்பி வந்து நிண்டாத்தான் புதுக் குத்தம். அழகரிட்ட ஹெவி லைசன்ஸ் இருந்திச்சு, பெரிசா ஓடின பழக்கம் இல்ல. எண்டாலும் ஒவ்வொரு நாளும் காலையில பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணி நாலடி முன்னால எடுத்து, நாலடி பின்னால விட்டு, சார்ஜன் சீட்டெழுதி முடிக்கிற வரைக்கும் குத்தவாளியா நிண்டார். போஸ்ட் ஒஃபிசில தண்டம் கட்ட வரிசையில நிண்டவங்கள் எல்லாம் மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க, அழகர் மட்டும் புதுவருஷக் கைவிசேஷக் காசு வாங்க வந்த ஆள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிண்டார்.

ஏழாம் நாள் நிலூஷா மிஸ் அத்தாட்சி எழுதினா. கடைசியா ஒரு கேள்வி.

"பிரதான நுழைவாயில் எது?"

இருபத்திரெண்டு வருஷம் எந்தக் கதவில தொங்கினாரோ, அந்தக் கதவுதான் வாயில வந்திச்சு. "பின்கதவுங்க மிஸ்."

அவ எழுதிக்கொண்டா. சீனியம்மா பக்கத்தில இல்ல. இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

அடுத்த நாள் சாத்தப்பன் முதலாளி தன்ர பேரன் தர்ஷனுக்கு அதே அத்தாட்சி எடுக்கப் போனார். அதே பள்ளிக்கூடம், அதே வயசு. கையில வீட்டு உறுதி, கரண்ட் பில், லிஃப்ட் பராமரிப்பு பில், மருமகள் அஷ்வினி வீட்டின்ர ஒவ்வொரு மூலையையும் எடுத்த கலர் படங்கள். நிலூஷா மிஸ் எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளி வச்சிட்டுக் கட்டிடப் பிளான விரிச்சா. அனுமதி கிடைச்சது ஏழு மாடிக்கு. எட்டாம், ஒம்பதாம், பத்தாம் மாடி இருக்க வேண்டிய இடத்தில 'நீர்த் தாங்கி' எண்டு இருந்திச்சு.

"தாங்கள் நீர்த் தாங்கியினுள் எத்தனை வருடங்களாக வசிக்கின்றீர்கள்?"

"தாங்கி இல்லம்மா. மூணு பெட்ரூமு, சீ வியூ."

"பிளானில் தாங்கி. தாங்கியில் மனிதர் வசித்தால் அது சுகாதாரப் பரிசோதகருக்கு உரிய விடயம். அவருக்குக் கடிதம் எழுதட்டுமா?"

வேண்டாம் எண்டு முதலாளி படத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு வெளிய வந்தார். ஒழுங்கையில நிண்டு அண்ணாந்து தன்ர வீட்டப் பாத்தார். பிறகு குனிஞ்சு பஸ்ஸப் பாத்தார். அந்த ரெண்டிலயும் சட்டப்படி குடியிருக்கிற குடும்பம் ஒண்டுதான். அது கதவில துணி காயப் போட்டுக்கொண்டிருந்திச்சு.

"என்னப்பா அழகரு, சௌக்கியமா?" ஒரு டின் பிஸ்கட் கையில. பதினொரு பெட்டிசத்தையும் வாபஸ் வாங்குறதாச் சொன்னார். மேலயிருந்து வயர் இழுத்துக் கரண்ட் குடுக்கிறதாச் சொன்னார். பிறகு குரலத் தாழ்த்தி, "உள்ள இடம் இருக்கா?" எண்டு கேட்டார்.

ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விக்கு அழகர் வாழ்க்கையில ஒரு நாளும் யோசிச்சதில்ல.

"உள்ள இடம் இருக்குங்க ஐயா. முன்னால போங்க."

மேல மூண்டு மாடியிலயும் அஞ்சு வயசுப் பிள்ளைகள் அஞ்சு பேர். அடுத்த நாளே அஞ்சு குடும்பமும் பஸ்ஸில வாடகைக் குடியிருப்பாளரா வந்து சேந்தாங்க. நிலூஷா மிஸ் நேரில பரிசோதனைக்கு வந்தா. ஏசியில வளந்த இருவத்தொரு சீவன்கள் பஸ்ஸுக்குள்ள பாய் விரிச்சுப் படுத்திருந்தாங்க. சாத்தப்பன் முதலாளி முருகனுக்குப் பக்கத்தில கால நீட்ட ஏலாம, கண்ண மூடிக்கொண்டு நித்திரை மாதிரி நடிச்சார். அஷ்வினி மட்டும் படுக்கேல்ல. வட்ட லைட் ஒண்டப் பூட்டி, மணிக்கயித்தில பூச்சட்டி தொங்கவிட்டு, பொருளெல்லாம் வெறும் பாரம், எங்களுக்கு இந்த எளிமையே போதும் எண்டு ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. சொல்லி முடிச்சிட்டு ஒம்பதாம் மாடிக்கு லிஃப்டில போய்க் குளிச்சிட்டு வந்தா.

அந்த வீடியோவால வந்த கூத்தையும் சொல்ல வேணும். ஒரு மாசத்தில வெள்ளவத்தையில பஸ் வாழ்க்கை ஃபாஷனாப் போச்சு. வீட்டு ஹோலுக்குள்ள தலைக்கு மேல கம்பி பூட்டினாங்க. விருந்தாளி வந்தா அதப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடிதான் டீ குடிக்க வேணும். அழகர் கழட்டி எறிஞ்ச கிழிஞ்ச பஸ் சீட்டுகள ஒரு டிசைனர் தேடிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். அதே ஆள் சீனியம்மாவிட்டயும் வந்து, இந்தத் துரு எந்தக் கொம்பனிப் பெயின்ட் எண்டு கேட்டார். மழை எண்டு அவ சொன்னா. எழுதிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட லிஸ்ட் வெளிவந்திச்சு. தர்ஷன் பேர் இருக்கு. மேல்மாடியின்ர மற்ற நாலு பிள்ளைகளும் இருக்கு. ரக்ஷிதா காத்திருப்போர் பட்டியல்ல முதலாவது.

பஸ் ஒண்டு, விலாசம் ஒண்டு. இது எப்பிடி எண்டு அழகர் போய் விசாரிச்சு, மேன்முறையீடும் போட்டிட்டு வந்தார். வான்வழித் தூரம். அஞ்சு குடும்பமும் படிவத்தில பிரதான நுழைவாயில் முன்கதவு எண்டு எழுதியிருந்தாங்க. பஸ் நிக்கிறது பள்ளிக்கூடத்தப் பாத்து. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில இருவத்தொரு அடி. சொந்த வீட்டில சொந்தப் பிள்ளை இருவத்தொரு அடியால தோத்துப்போச்சு.

சாத்தப்பன் முதலாளி உண்மையிலயே வருத்தப்பட்டார். "நீதானப்பா முன்னால போங்கன்ன" எண்டு சொன்னார்.

சீனியம்மா அழேல்ல. புருஷனப் பாத்தா. "மேன்முறையீட்டுக்கு வியாழக்கிழமை அளக்க வர்றாங்களா?"

"ம்."

"அப்ப வீட்டத் திருப்புங்க."

அந்த ஒழுங்கைக்குள்ள பஸ் திருப்ப ஏலாது. காலி வீதிக்குப் போய்ச் சுத்தி, பின்பக்கமா உள்ள வர வேணும். வியாழக்கிழமை காலையில அழகர் ட்ரைவர் சீட்டில இருந்தார். பின்கதவு ஃபுட்போர்டில சீனியம்மா, இடுப்பில பிள்ளை. எஞ்சின் உறுமின சத்தம் பத்தாம் மாடி வரைக்கும் கேட்டிச்சு. அஞ்சு குடும்பமும் பைஜாமாவோட இறங்கி வந்து பஸ்ஸுக்கு முன்னால றோட்டில குந்திட்டாங்க. பஸ் போனா அவங்கட விலாசமும் போகும். விலாசம் போனா பள்ளிக்கூட இடமும் போகும். அந்த பஸ்ஸ எடு எடு எண்டு பதினொரு பெட்டிசம் போட்ட மனுசன் முன் டயரக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு எடுக்காத எடுக்காத எண்டு கத்தினார்.

இப்றாஹிம் வந்தார். நிண்டுகொண்டிருக்கிற பஸ்ஸுக்குத் தண்டம் எழுதலாம், போற பஸ்ஸ மறிச்சா மறிக்கிறவருக்குத்தான் எழுதலாம் எண்டு சட்டத்த விளங்கப்படுத்தினார். சீனியம்மா ஃபுட்போர்டில இருந்து எட்டிப் பாத்தா.

"வீடு போயிடும்னு பயமா இருந்தா வீட்டோடயே வாங்க. ஏறுங்க ஏறுங்க, முன்னால போங்க."

ஏறினாங்க. ரெண்டு மணி அடிச்சிச்சு.

காலி வீதியில மூண்டு இடத்தில வேற சனமும் ஏறிட்டுது. நுகேகொடைக்குப் போகுமா எண்டு ஒரு அம்மா கேட்டா. ஒருத்தரும் இல்ல எண்டு சொல்லேல்ல. சுத்தித் திரும்பிப் பள்ளிக்கூட வீதிக்கு வந்த பஸ், இத்தன பேரச் சுமந்து பழகின பழைய ஞாபகத்திலயோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டிட்டு நிண்டுபோச்சு. சரியாப் பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால. எல்லாரும் இறங்கித் தள்ளினாங்க. பஸ் முன்னால போக மறுத்திச்சு, பின்னால போக ஓமெண்டிச்சு. பின்கதவு போய்ப் பள்ளிக்கூட கேட்டில முட்டிக்கொண்டு நிண்டிச்சு.

இப்றாஹிம் பின்னாலயே வந்து சீட்டுப் புத்தகத்த எடுத்தார். எடுக்கேக்கயே அழகர் கையக் கூப்பினார். "சார், தெளிவா எழுதுங்க சார். பாடசாலை வாசலுக்கு எதிரில்."

நிலூஷா மிஸ் சீட்ட வெளிச்சத்துக்குப் பிடிச்சா. வசிக்கிறதுக்குப் பழைய ஆறு சீட்டு இருக்கு, நிக்கிற இடத்துக்கு இந்த ஒண்டு போதும் எண்டா. அளக்க வந்த உத்தியோகத்தர் நாடாவின்ர ஒரு நுனியப் பின்கதவில வச்சார், மற்ற நுனிய வைக்க இடமில்ல. வான்வழித் தூரம்: இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின்ர வரலாற்றிலயே இவ்வளவு கிட்ட ஒரு பிள்ளை குடியிருந்ததில்ல எண்டு எழுதிக் கையெழுத்து வச்சாங்க. ரக்ஷிதாவுக்கு இடம் கிடைச்சிது.

கதைய இதோட விட்டிருப்பன். ஆனா அந்தச் சீட்டின்ர ஃபோட்டோ நாலு பெற்றோர் குறூப்பில போச்சு. லிஸ்டில இல்லாத பிள்ளைகளின்ர வீட்டாக்கள் எல்லாம் பழைய பஸ் தேடி அலைஞ்சாங்க. இரும்புக் கடையில பஸ் விலை ஏறிச்சு. ஜனவரி மாசம் பள்ளிக்கூடம் தொடங்கேக்க, வாசல்ல இருந்து காலி வீதி வரைக்கும் பத்தொம்பது பஸ் வரிசையா நிண்டிச்சு. முழுக்கவும் வதிவிடம். எல்லாத்துக்கும் ஆறு சீட்டு இருக்கு. சாத்தப்பன் முதலாளியும் சீட் பறிபோகாம இருக்கச் சொந்தமா ஏசி பஸ் ஒண்டு வாங்கி மூண்டாவதா நிப்பாட்டி, பஸ் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளராவும் ஆயிட்டார். இருவதாவதா ஒரு த்ரீவீலர்ல குடும்பம் ஒண்டு வந்து குடியேறினதுக்கு, டீசன்டான ஆக்கள் இருக்கிற இடம் எண்டு அவர் போட்ட முதலாவது பெட்டிசம் இப்ப இப்றாஹிமின்ர கையில.

முதல் நாள் பிள்ளைகள் பஸ்ஸுகளுக்கு இடையால பக்கவாட்டில நுழைஞ்சு உள்ள போச்சுதுகள். அழகர் ரக்ஷிதாவின்ர கையப் பிடிச்சுக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தார். முப்பத்தஞ்சு பிள்ளைக்குக் கட்டின வகுப்பு. அறுவத்தி மூண்டு பேர் நிக்கினம். ஜன்னலால ரெண்டு கையும் ஒரு தண்ணிப் போத்தலும் வெளிய நீட்டிக்கொண்டிருக்கு. வகுப்பு டீச்சர் ஸும்றா மிஸ் கதவ ரெண்டு கையாலயும் மறிச்சுக்கொண்டு, இனி ஒரு பிள்ளையும் ஏத்த ஏலாது, எங்க வைக்கிறது எண்டு அழுவாரைப் போலக் கேட்டா.

அழகர் பாத்தார். மகளத் தூக்கி வாசல் படியில வச்சார். ஒத்தக் கால அதே படியில ஊண்டினார்.

"இஸ்ஸரஹட்ட யன்ன. கொஞ்சம் முன்னால போங்க பிள்ளைகளா" எண்டார். "உள்ள இடம் இருக்குங்க மிஸ்."